மூச்சும் ஓர் அமானிதமே!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகிறோம்.

வல்ல நாயன் நமக்கு வழங்கியுள்ள நிஃமத்துகளில், நாம் கேளாமலேயே இரவும் பகலும் பெற்றுக்கொண்டிருப்பது மூச்சுக் காற்றாகும். கண்ணுக்கும் நாவுக்கும் கைக்கும் மறுமையில் கணக்கு உண்டு என்பதைச் சிறு வயது மதரஸாவிலேயே ஓதித் தெரிந்துகொண்ட நாம், மூச்சுக்கும் கணக்கு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் விடும் மூச்சு இன்னொருவருடைய உயிரைப் பறிக்கக் கூடும் என்பதை 2020-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் கண்டது. அந்தப் பாடம் மறந்து போவதற்கு முன், மார்க்கத்தின் ஒளியில் அதை ஒரு முறை படித்துக்கொள்வது நம் இல்லங்களுக்கு நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

புதிய கிருமி என்றால் என்ன?

2025 ஜனவரியில் ஹெச்.எம்.பி.வி. என்னும் கிருமியைப் பற்றிய செய்தி பரவியது. தமிழ்நாட்டில் சென்னையிலும் சேலத்திலும் அது கண்டறியப்பட்டது என்று அரசு அறிவித்தவுடன், கைப்பேசிகளில் அச்சமூட்டும் தகவல்கள் பறக்கத் தொடங்கின. உண்மையில் அது புதிய கிருமியன்று. 2001-லேயே நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் அதனைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். பெரும்பாலோருக்குச் சளி, இருமல், காய்ச்சலோடு அது தானே அடங்கிவிடும். கைக்குழந்தைகளுக்கும் முதியோர்களுக்குமே சில வேளை கடுமையாகும்.

கொரோனா அவ்வாறன்று. அது மனித உடல் முன்பின் கண்டிராத கிருமியாக வந்தது. நம் உடலுக்குள் அல்லாஹ் வைத்திருக்கும் காவல் படை, ஒரு முறை கண்ட எதிரியை நினைவில் வைத்துக்கொண்டு, மறு முறை விரைந்து எதிர்க்கும். முகமே தெரியாத எதிரி வந்தால், அடையாளம் காண்பதற்குள் அது நுரையீரலில் குடியேறிவிடுகிறது. 2020 ஜனவரி 30-ல் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7-ல் தமிழ்நாட்டில் முதல் நோயாளி. மார்ச் 25-ல் நாடே அடைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசின் கணக்கு கூறுகிறது. உலக அளவில் 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இந்நோயாலும் இதன் விளைவாலும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் மாண்டிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

2023 மே 5-ல் அந்நிறுவனம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. எனினும் கிருமி உலகை விட்டுப் போய்விடவில்லை. இனியும் ஒரு புதிய கிருமி வரலாம். எப்பொழுது என்பதை அல்லாஹ்வே அறிவான். வந்தபின் பாடம் படிப்பதைவிட வருமுன் படித்து வைப்பதே அறிவுடைமை.

எவ்வாறு பரவுகிறது?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகளால் பரவும் என்பதை எல்லோரும் அறிவர். பேசும்போதும், உரக்க ஓதும்போதும், வெறுமனே மூச்சு விடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. இதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டுச் சாம்பிராணிப் புகையே போதும். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுச் சாம்பிராணி போட்டால், புகை அறை முழுவதும் பரவி நெடுநேரம் நிற்கிறது; மூலையில் இருப்பவரும் அதைச் சுவாசிக்கிறார். சன்னலைத் திறந்தால் சிறிது நேரத்தில் கலைந்துவிடுகிறது. நோயாளியின் மூச்சும் அத்தகையதே.

எனவேதான், பழவேற்காட்டு ஏரியில் படகு செலுத்தும்போதோ, கோட்டைக்குப்பத்துக் கரையில் திறந்த வெளியில் வலை உலர்த்தும்போதோ ஒட்டுவதைவிட, அடைத்த அறையிலும், பொன்னேரிக்குப் போகும் நெரிசலான வண்டியிலும், கலியாண மண்டபத்திலும் நோய் எளிதாக ஒட்டுகிறது. நம் பெண்மக்கள் கூடியிருந்து பனையோலை முடையும் வேலையை, நோய்க் காலத்தில் அறைக்குள் செய்யாமல் திண்ணையிலோ மரத்தடியிலோ செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும்.

இன்னொரு செய்தியை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிருமி புகுந்தவருக்கு உடனே காய்ச்சல் வருவதில்லை. கொரோனாவில் இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம் என்று கண்டார்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே அவர் பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். சிலருக்குக் கடைசி வரை எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. "எனக்கு ஒன்றுமில்லையே" என்று ஒருவர் சொல்வது அவருக்கு மெய்யாக இருக்கலாம். அவர் வீட்டில் சர்க்கரை நோயோடு படுத்திருக்கும் தாயாருக்கு அது மெய்யாகாது.

அண்ணலார் காட்டிய வழி

தாவூன் எனும் கொள்ளைநோய் ஓர் ஊரில் இருப்பதாகக் கேள்வியுற்றால் அங்கே செல்லாதீர்கள் என்றும், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்றும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. போக்கும் வரவும் இரண்டும் அதில் தடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் பாதி நம்மைக் காக்கிறது. இரண்டாம் பாதி அடுத்த ஊராரைக் காக்கிறது.

நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடம் ஓட்டிச் செல்ல வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸகீஃப் கூட்டத்தாரோடு குஷ்டநோயாளி ஒருவர் பைஅத் செய்ய வந்தபோது, உமது பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்று ஆளனுப்பிச் சொன்னார்கள். அவரை வெறுத்து ஒதுக்கவுமில்லை. கூட்டத்திற்குள் அழைத்து வரவுமில்லை. தும்மல் வந்தால் கையாலோ ஆடையாலோ திருமுகத்தை மூடிக்கொண்டு சப்தத்தையும் தாழ்த்திக்கொள்வார்கள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் இட வேண்டாம் என்றார்கள். பருகும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் தடுத்தார்கள். நுண்ணோக்கியால் கிருமியைக் காண்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்த ஒழுக்கங்கள் முஸ்லிம் இல்லங்களுக்குச் சுன்னத்தாக வந்துவிட்டன. நாம்தான் அவற்றை ஓதிவிட்டு மூடி வைத்துவிட்டோம்.

பிரிந்து பிழைத்தவர்களும் கூடி இழந்தவர்களும்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் ஷாம் நாட்டில் அம்வாஸ் தாவூன் பரவியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படைத் தளபதிகளைச் சந்திக்கப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடம் வரை சென்றிருந்தார்கள். செய்தி கேட்டு, ஆலோசனை கலந்து, திரும்புவதென முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விடையிறுத்த உமர் (ரலி) அவர்கள், ஒரு பக்கம் செழிப்பும் மறு பக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அவனுடைய விதிதானே என்று உவமையும் காட்டினார்கள். அதன் பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து மேற்சொன்ன ஹதீஸை எடுத்துரைத்தார்கள்.

அந்நோயில் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போல் பற்றுகிறது என்று எச்சரித்து, மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள். மக்கள் பிரிந்தார்கள், அல்லாஹ் நோயை அகற்றினான். விறகு கிடைக்காத நெருப்பு அணைந்துதானே தீரும்!

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றை ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் 'பத்லுல் மாஊன்' என்னும் நூலில் பதிந்து வைத்துள்ளார்கள். தம் பெண்மக்களைத் தாவூனுக்குப் பறிகொடுத்த தந்தை அவர்கள். ஹிஜ்ரி 833-ல் கெய்ரோ நகரில் நோய் தோன்றியபோது நாளொன்றுக்கு இறந்தவர் நாற்பதுக்கும் குறைவு. மூன்று நாள் நோன்பு வைக்கச் சொல்லி, மழைத் தொழுகைக்குப் போவது போல மக்களைப் பாலைவெளியில் கூட்டி துஆ கேட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சாவு நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நோய் ஒட்டுவது பற்றி இமாமவர்கள் கொண்டிருந்த கருத்து வேறு. எனினும், முன்னோர் வழியில் இல்லாத அந்தக் கூட்டத்தையும் அதன் பின் நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள்.

துஆ கேட்டது பிழையன்று. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால், வீட்டு மூலையிலிருந்து கேட்கும் துஆவையும் கேட்பவன் அல்லாஹ் என்பதை அவர்கள் நினைத்திருக்கலாம்.

தவக்குலுக்கு எல்லை எது?

"என் உயிர் போகும் நேரம் எழுதப்பட்டுவிட்டது; எனக்கு என்ன பயம்?" என்று நம்மில் பலர் முகக்கவசத்தைக் கழற்றி வைத்தார்கள். உறுதியான ஈமான்தான். ஆனால் கேள்வி அவருடைய உயிரைப் பற்றியதன்று. அவர் அருகில் நிற்பவரின் உயிரைப் பற்றியது. தன் உடைமையை ஒருவர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாம். அடுத்தவர் தன்னிடம் ஒப்படைத்த அமானிதத்தைத் தெருவில் போட்டுவிட்டுத் தவக்குல் என்று சொல்ல முடியுமா? தன் ஒட்டகத்தையே கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்!

தீங்கு செய்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நோயென்று தெரிந்தும் கூட்டத்தில் புகுந்து பிறருக்குக் கொடுப்பது ஹுகூகுல் இபாதில் அடங்கும். தொழுகையில் நேர்ந்த குறையை ரப்பு மன்னிக்கக் கூடும். அடியானுக்குச் செய்த தீங்கை அந்த அடியானே மன்னிக்க வேண்டும். கப்ருக்குப் போய்விட்டவரிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

இதை விளங்க நம் ஏரிக்கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவ மக்கள் 'பாடு' என்னும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டு, தன் முறை வராத நாளில் அந்த இடத்தில் சுத்துவலை இறக்காமல் பொறுத்திருப்பார்கள். பொறுத்தவர் தம் ரிஸ்கை இழந்துவிடுவதில்லை. அவர் முறை வருகிறது. நோயுற்றவர் ஐந்தாறு நாள் வீட்டில் தங்குவதும் இது போன்றதே. நம் அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரே; வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு அவர்கள் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் நாயகத்திடம் வலியுறுத்தி வந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

1. காய்ச்சல், இருமல், தொண்டை வலி கண்டவர் தனி அறையில் தங்குக. தனி அறை இல்லாத சிறு வீடாயின், காற்று வெளியேறும் சன்னல் பக்கம் படுத்து, எல்லோரும் முகக்கவசம் அணிக. மருந்தில்லாமலே காய்ச்சல் ஒரு நாள் முழுதும் நின்ற பின்னர் வெளியே வருக. அதன் பின்னும் சில நாள் முகக்கவசம் தேவை.

2. முகக்கவசம் மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். தாடியில் தொங்குவது முகக்கவசமாகாது.

3. கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவுக. மீன் ஆய்ந்த கையின் கவிச்சி வெறும் தண்ணீரில் போகாததை நம் தாய்மார்கள் அறிவார்கள். கொரோனாக் கிருமியின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. ஐவேளை வுளு மிகச் சிறந்த பழக்கம். நோய்க் காலத்தில் அதற்கு முன் சோப்பும் சேரட்டும்.

4. முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் நோயாளியின் பாத்திரமோ மூச்சோ அண்டாமல் பார்த்துக்கொள்க.

5. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாய்தல் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலும் மருத்துவமனைக்குச் செல்க. ஆலோசனைக்கு 104 உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கை தேடி மக்கள் அலைந்த நாட்களை மறந்துவிட வேண்டாம்.

6. அரசு சுகாதாரத் துறை தடுப்பூசி அறிவித்தால், நமக்குரியதா என்று மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்க. தடுப்பூசி நோயை முற்றாகத் தடுக்காவிட்டாலும், நோய் முற்றி இறப்பதைப் பெருமளவு குறைத்தது.

சில ஐயங்களும் விடைகளும்

தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸில் வந்துள்ளதே?

நோய் தன் சொந்த ஆற்றலால், அல்லாஹ்வின் நாட்டமின்றித் தாவுகிறது என்ற அறியாமைக் கால நம்பிக்கையே அங்கு மறுக்கப்படுகிறது என்று உலமாக்கள் பலர் விளக்கியுள்ளார்கள். நோயுற்ற ஒட்டகத்தைக் கொண்டு வராதீர்கள் என்ற ஹதீஸும் அதே அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவே வந்துள்ளது. நெருப்பு அல்லாஹ்வின் நாட்டத்தால்தான் சுடுகிறது. அதற்காக நாம் கையை விடுவதில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், கறுப்புத் தாவூனைக் கண்ட கிரானடா அறிஞர் இப்னுல் கதீப் அவர்களும், நோய் ஒட்டுவது அனுபவத்தால் உறுதியான உண்மை என்று எழுதினார்கள்.

பள்ளிவாசலை மூடலாமா? ஜமாஅத்தை விடலாமா?

மழையும் சேறுமான ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கிலேயே சொல்லும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினுக்கு உத்தரவிட்டார்கள். தம்மைவிடச் சிறந்தவரான நாயகம் (ஸல்) அவர்கள் செய்தது என்றும் கூறினார்கள். சேற்றுக்கே சலுகை என்றால் உயிராபத்துக்கு எவ்வளவு சலுகை இருக்கும்! வெங்காயம், பூண்டு வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டதும் பிறருக்குத் தொல்லை என்பதால்தான். 2020-ல் தமிழ்நாட்டில் அடைக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் செப்டம்பர் 1 முதலே முழுமையாகத் திறக்கப்பட்டன. ரமளானும் இரு பெருநாட்களும் வீட்டிலேயே கழிந்தன. அதற்கு முந்திய ஆண்டில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் கூடிய ஹஜ்ஜில், 2020-ல் சவூதி நாட்டுக்குள் இருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரே கலந்துகொண்டார்கள். ஜும்ஆ தவறியவர் லுஹர் தொழுதால் கடமை நிறைவேறுகிறது.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தாயிற்றே?

ஆம். தொலைபேசியில் விசாரிக்கலாம். சமைத்த உணவை வாசலில் வைத்துவிட்டு வரலாம். அவருடைய அன்றாடக் கூலிக்கு வழி செய்யலாம். இதுவே மிக மேலானது. அன்றைய பிழைப்பு அன்றைய வலையில் என்று வாழும் குடும்பத்தாரிடம், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பெரிய வழி செய்யாமல் வருவது பாதி உபதேசமே. ஜமாஅத்தின் பைத்துல்மாலுக்கு இதைவிடச் சிறந்த செலவு இல்லை.

நோயில் இறந்தவரின் மய்யித்து?

இறந்தவர் மூச்சு விடுவதில்லை. உரிய பாதுகாப்போடு அடக்கம் செய்யலாம் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. குளிப்பாட்ட இயலாத நிலையில் தயம்மும் செய்வித்து, சிலரே நின்று ஜனாஸா தொழுது அடக்குவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. இலங்கையில் 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை முஸ்லிம் மய்யித்துகளும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பச்சிளங் குழந்தையும் அதற்குத் தப்பவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அறிவை விட்டு அச்சத்தின் பின்னே போனால் அரசும் அநீதி செய்துவிடும் என்பதற்கு இது சான்று.

பழிக்கு அஞ்சி மறைக்கலாகாது

2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களுக்கு நோய் கண்டபோது, நோயாளிகள் என்று இரங்குவதற்குப் பதிலாக, ஒரு சமுதாயத்தின் மீதே பழி சுமத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 21-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டிருக்கக் கூடும் என்று கூறியது. அதே ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்கும் பரவியது. கிருமி சமயம் கேட்பதில்லை, நெருக்கத்தைத்தான் கேட்கிறது.

பழியினால் விளைந்த பெருங்கேடு ஒன்றுண்டு. பழிக்கு அஞ்சியவர் காய்ச்சலை மறைக்கிறார். மறைத்தவர் தாமதமாக மருத்துவமனைக்குப் போகிறார். அதற்குள் வீட்டாருக்கும் கொடுத்துவிடுகிறார். எனவே, நம் தெருவில் ஒருவருக்கு நோய் வந்தால் அவரைச் சுட்டிப் பேசாதிருப்பதும் நோய்த் தடுப்பில் சேர்ந்ததே. கைப்பேசியில் வரும் செய்தியை ஆராயாமல் அனுப்பாதிருப்பதும் அவ்வாறே. கேள்விப்பட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்து.

தாவூன் பரவிய ஊரில், அல்லாஹ் விதித்ததன்றி எதுவும் அணுகாது என்ற உறுதியோடு, நன்மையை நாடிப் பொறுமையாகத் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். வீட்டில் அடைந்து கிடந்த நாட்கள் வீணான நாட்கள் என்று எவரும் வருந்த வேண்டாம். நிய்யத்து சரியாயிருந்தால் அந்தப் பாயும் இபாதத்தின் இடமாகிறது.

யா அல்லாஹ்! எங்களையும், எங்கள் அண்டை வீட்டாரையும், இந்த ஏரிக்கரை மக்கள் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்து காத்தருள்வாயாக! எங்கள் மூச்சால் எவருக்கும் தீங்கு நேராத நல்வாழ்வை எங்களுக்கு வழங்குவாயாக! நோயில் எங்களை விட்டுப் பிரிந்தவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன்.